பிரைமரி நடுவே மனம் மாறும் வாக்காளர் கவனிக்க வேண்டியவை

இந்தியாவில் ஒரு தொகுதியின் வேட்பாளர் யார் என்பதைக் கட்சித் தலைமை அறிவிக்கும். வாக்காளரின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கும். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற தமிழருக்கு அங்குள்ள பிரைமரி தேர்தல் விளங்கச் சிறிது காலம் பிடிப்பதற்கு இதுவே முதற்காரணம். கட்சியின் வேட்பாளரையே வாக்காளர்கள் தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பதால், ஏறக்குறைய ஒரே கொள்கையுடையவர்களுக்குள் மாதக்கணக்கில் கடும் பூசல் நடக்கிறது. ஜனவரியில் ஒருவருக்காக வாதாடியவர் மார்ச்சில் வேறொருவருக்கு வாக்களிப்பது அந்தப் பூசலில் மிகச் சாதாரணமான நிகழ்ச்சி. அதைக் கட்சித் தாவலோடு ஒப்பிட்டு வெட்கப்பட வேண்டியதில்லை. மனம் மாறிவிட்டது, ஆனால் அந்த மாற்றத்தை வாக்குச்சீட்டில் காட்ட முடியவில்லை என்ற நிலைதான் வருந்தத்தக்கது. ஒவ்வொரு பிரைமரியிலும் ஏராளமானோர் அந்த நிலைக்கு ஆளாகிறார்கள். பெரும்பாலும் அதற்குக் காரணம் ஒரு தேதியோ ஒரு விதியோதான். எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சியின் 2008, 2016, 2020 ஆண்டுப் பிரைமரிகளிலிருந்து எடுத்திருக்கிறேன். குடியரசுக் கட்சியினருக்கு விதி வேறுபடும் இடங்களை அங்கங்கே சுட்டியிருக்கிறேன்.

முதலில் கட்சிப் பதிவு

யாரை ஆதரிப்பது என்று முடிவு செய்வதற்கு முன்பே உங்கள் மாநிலத் தேர்தல் துறையின் இணையதளத்தில் உங்கள் பெயருக்கு எதிரே எந்தக் கட்சி பதிவாகியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். ஃபுளோரிடா, நியூயார்க், பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் ஒரு கட்சியின் பிரைமரியில் அந்தக் கட்சியில் பதிவு செய்தவர் மட்டுமே வாக்களிக்க முடியும். டெக்சாஸ், மிச்சிகன், விஸ்கான்சின், வர்ஜீனியா, ஜார்ஜியா ஆகியவற்றில் கட்சிப் பதிவு என்பதே கிடையாது. தேர்தலன்று எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று வாக்காளரே தேர்ந்துகொள்ளலாம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாநிலங்களில்தான் குழப்பம் அதிகம். நியூ ஜெர்சியில் எந்தக் கட்சியிலும் சேராதவர் வாக்குச்சாவடியிலேயே ஒரு கட்சியைத் தேர்ந்து வாக்களித்துவிடலாம். ஆனால் ஏற்கெனவே ஒரு கட்சியில் பதிவு செய்தவர் மறு கட்சிக்கு மாற வேண்டுமென்றால் பிரைமரிக்கு 55 நாட்களுக்கு முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும்.

கெடு எவ்வளவு முன்னதாக வந்துவிடும் என்பதற்கு நியூயார்க்கின் 2016 பிரைமரி நல்ல சான்று. தேர்தல் ஏப்ரல் 19 அன்று நடந்தது; ஏற்கெனவே வாக்காளராக இருந்தவர் கட்சி மாற்றிக்கொள்வதற்கான கடைசி நாளோ அதற்கு ஆறு மாதங்களுக்கும் முன்னதாக, 2015 அக்டோபர் 9 அன்றே முடிந்திருந்தது. ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் போட்டியிட்ட பெர்னி சாண்டர்ஸின் பேச்சைக் கேட்டு மனம் மாறிய, எந்தக் கட்சியிலும் பதிவு செய்யாத சுயேச்சை வாக்காளர்கள் பலர் வெளியே நிற்க வேண்டியதாயிற்று. அந்தப் பக்கம், டொனால்டு டிரம்பின் பிள்ளைகளான இவாங்காவும் எரிக்கும் குடியரசுக் கட்சியில் பதிவு செய்யாதிருந்ததால் சொந்தத் தந்தைக்கே வாக்களிக்க முடியவில்லை. வேட்பாளரின் வீட்டிலேயே தவறவிட்ட ஒரு தேதியை வேலைக்கும் வீட்டுக்கும் இடையே ஓடும் ஒருவர் தவறவிடுவதில் வியப்பில்லை. 2019-இல் சட்டம் திருத்தப்பட்டுக் கெடு பிப்ரவரி 14-க்கு வந்திருக்கிறது. அதுவும் முன்கூட்டிய தேதிதான். பிரைமரிக்கு முன் பென்சில்வேனியாவில் 15 நாள், ஃபுளோரிடாவில் 29 நாள் என்று மாநிலத்துக்கு மாநிலம் கணக்கு மாறும்.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் இன்னொரு பொறியையும் அறிந்திருக்க வேண்டும். சுயேச்சையாக இருக்க விரும்பிய பலர், விண்ணப்பத்தில் 'அமெரிக்கன் இண்டிபெண்டெண்ட் பார்ட்டி' என்ற பெயரைப் பார்த்து அதற்கு நேரே குறியிட்டுவிடுகிறார்கள். அது தனியொரு வலதுசாரிக் கட்சி. கட்சிச் சார்பில்லை என்று பதிவு செய்ய அதே படிவத்தில் வேறு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தைக் குறித்தவருக்கும் ஜனநாயகக் கட்சியின் அதிபர் பிரைமரிச் சீட்டு தானாக வந்துசேராது. கேட்டுத்தான் பெற வேண்டும். குடியரசுக் கட்சியோ தன் அதிபர் பிரைமரியைப் பதிவு பெற்ற உறுப்பினர்களுக்கு மட்டும் என்று வைத்திருக்கிறது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. கிரீன் கார்டு வைத்திருப்பவர் எந்தக் கட்சியின் அதிபர் பிரைமரியிலும் வாக்களிக்கக் கூடாது. ஓட்டுநர் உரிமம் எடுக்கும் இடத்தில் வாக்காளர் பதிவுப் படிவத்தையும் சேர்த்து நீட்டுவார்கள். அவசரத்தில் அதில் கையெழுத்திட்டுவிட்டால், பின்னாளில் குடியுரிமை விண்ணப்பமே சிக்கலாகிவிடக்கூடும்.

சீட்டை எப்போது அனுப்புவது

பதினைந்து இருபது பேர் போட்டியிடும் பிரைமரியில், தபாலில் சீட்டு வந்த மறுநாளே நிரப்பி அனுப்பிவிடுவதைப் போலத் தவறான சுறுசுறுப்பு வேறில்லை. 2020-இல் கலிஃபோர்னியாவின் தபால் சீட்டுகள் பிப்ரவரி 3 அன்று அனுப்பப்பட்டன; மார்ச் 3 அன்று அந்த மாநிலம் உட்பட 14 மாநிலங்களில் தேர்தல். இடைப்பட்ட ஒரு மாதத்தில் என்னென்ன நடந்தன என்று பாருங்கள். மாநிலங்கள் வெவ்வேறு நாட்களில் வாக்களிக்கும் வரிசையில் முதலாவதான அயோவாவில் முடிவுகளை அனுப்ப வேண்டிய செயலி பழுதாகி எண்ணிக்கை நாட்கணக்கில் இழுத்தது. முதல் மூன்று மாநிலங்களில் தோற்ற ஜோ பைடனை, தென் கரோலினாவின் மூத்த காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) உறுப்பினர் ஜிம் கிளைபர்ன் பிப்ரவரி 26 அன்று ஆதரித்தார். 29 அன்று பைடன் அங்கே பெருவெற்றி பெற்றார். மார்ச் 1 அன்று பீட் புட்டிஜெஜும், மறுநாள் ஏமி குளோபுச்சாரும் போட்டியிலிருந்து விலகி, டாலஸ் நகரில் பைடனுக்கு ஆதரவு அறிவித்தார்கள். விடிந்தால் தேர்தல். அவ்விருவருக்கும் வாக்களித்து ஏற்கெனவே சீட்டை அனுப்பியிருந்தவர்களின் நிலை என்ன? கலிஃபோர்னியாவில் சேர்ந்துவிட்ட சீட்டைத் திரும்பப் பெற வழியே இல்லை.

மிச்சிகனில் சட்டம் சற்று இரக்கமுள்ளது. அனுப்பிய தபால் சீட்டை ரத்து செய்யுமாறு தேர்தல் எழுத்தருக்கு எழுதிக் கேட்டு, குறித்த தேதிக்குள் புதிய சீட்டுப் பெறலாம். மார்ச் 10 அன்று வாக்களித்த அந்த மாநிலத்தவர் சிலர் அவ்வாறே செய்தார்கள். மின்னசோட்டா, விஸ்கான்சின் போன்ற மாநிலங்களிலும் இந்த வசதி இருந்திருக்கிறது, கெடு மட்டும் வேறுபடும். உங்கள் மாநிலத்தில் இது உண்டா என்று சீட்டு வந்த அன்றே மாவட்டத் தேர்தல் அலுவலகத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே என் ஆலோசனை இதுதான். போட்டி கலங்கியிருக்கும்போது சீட்டை நிரப்பாமல் மேசையில் வைத்திருங்கள். தேர்தலுக்கு முந்தைய வார இறுதியில் நிரப்பி, தபால் பெட்டியை நம்பாமல், தேர்தல் துறை வைத்திருக்கும் அதிகாரப்பூர்வப் பெட்டியில் நீங்களே கொண்டுபோய்ப் போடுங்கள். தேர்தல் நாளுக்குள் கைக்கு வந்து சேர்ந்தால்தான் எண்ணுவோம் என்று சொல்லும் மாநிலங்களில் கடைசி வாரத்தில் தபாலில் அனுப்புவது அபாயம். உறையின் மேல் கையெழுத்து, தேதி ஆகியவற்றோடு, வாஷிங்டன் மாநிலம் போன்ற இடங்களில் அதிபர் பிரைமரிக்கு எந்தக் கட்சி என்ற குறிப்பையும் உறையிலேயே இட வேண்டும். அது இல்லாத சீட்டு எண்ணப்படாது.

மாற்றத்துக்கான காரணத்தை எடைபோடுதல்

மனம் மாறுவதற்குப் பல காரணங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே எடை கொடுக்கக் கூடாது. 2008-இல் பராக் ஒபாமாவும் ஹிலாரி கிளின்டனும் மோதியபோது கொள்கையில் பெரிய வேற்றுமை இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். இருந்தும் இரண்டு வேற்றுமைகள் மீண்டும் மீண்டும் விவாதிக்கப்பட்டன. முதலாவது ஈராக் போர்: 2002 அக்டோபரில் செனட்டில் போருக்கு அதிகாரம் அளிக்கும் தீர்மானத்தை ஆதரித்து கிளின்டன் வாக்களித்தார், அதே மாதம் சிகாகோவில் நடந்த கூட்டமொன்றில், அப்போது மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக மட்டுமே இருந்த ஒபாமா அந்தப் போரை எதிர்த்துப் பேசினார். இரண்டாவது மருத்துவக் காப்பீடு: ஒவ்வொருவரும் காப்பீடு எடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் கிளின்டனின் திட்டத்தில் இருந்தது, ஒபாமா குழந்தைகளுக்கு மட்டுமே கட்டாயம் என்றார், பெரியவர்களைக் கட்டாயப்படுத்துவதைக் கடுமையாகவே சாடினார்.

பிறகு நடந்தது நமக்குத் தெரியும். 2010-இல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தில் அந்தக் கட்டாயம் இடம்பெற்றது. கட்டாயம் கூடாது என்பதற்காக ஒபாமாவின் பக்கம் மாறியவரும், கட்டாயம் வேண்டும் என்பதற்காக அவரை விட்டு விலகியவரும் வீணாகவே மாறியதாக முடிந்தது. 2002-இல் நடந்த வாக்கெடுப்போ எவராலும் மாற்ற முடியாத பதிவு. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் நடைமுறை விதி எளியது. வேட்பாளர் ஏற்கெனவே செய்ததை வைத்து மனம் மாறினால் அந்த மாற்றம் பெரும்பாலும் நிலைக்கும். அவர் அறிவித்திருக்கும் திட்டத்தின் நுணுக்கத்தை வைத்து மாறினால், அந்த நுணுக்கம் காங்கிரசில் என்ன பாடுபடும் என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான சட்டங்கள் நிறைவேறத் தேவையான 60 வாக்குகள் செனட்டில் கிடைக்காத திட்டத்துக்காக இரண்டு அணிகளாகப் பிரிந்து ஆறு மாதம் பேசாமல் இருந்த நண்பர்கள் உண்டு.

வெல்லக்கூடியவர் யார் என்ற கேள்வி அடுத்த காரணம். இது நியாயமான காரணமே, ஆனால் மிக எளிதில் ஏமாற்றுவதும் இதுதான். 2007 முழுவதும் கறுப்பின வாக்காளர்களில் பெருந்தொகையினர் கிளின்டனின் பக்கம் இருந்தார்கள். வெள்ளையரே மிகுந்த அயோவாவில் 2008 ஜனவரி 3 அன்று ஒபாமா வென்றதும், அவரால் வெல்ல முடியும் என்ற நம்பிக்கை பிறந்து அந்த ஆதரவு வேகமாக இடம் மாறியது. கறுப்பின மக்களின் சமவுரிமைப் போராட்டத்தின் மூத்த தலைவரான காங்கிரஸ் உறுப்பினர் ஜான் லூயிஸ்கூட, முதலில் கிளின்டனை ஆதரித்து, தன் ஜார்ஜியா தொகுதி ஒபாமாவுக்குப் பெருவாரியாக வாக்களித்த பிறகு, பிப்ரவரி இறுதியில் ஒபாமாவின் பக்கம் வந்தார். அரை நூற்றாண்டு அரசியல் அனுபவமுள்ளவரே வெளிப்படையாக மாறியிருக்க, சாதாரண வாக்காளர் தயங்க வேண்டியதில்லை. ஆனால் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்: அயோவாவுக்கு ஐந்து நாள் கழித்து நியூ ஹாம்ப்ஷயரில் ஒபாமாவே வெல்வார் என்று கருத்துக்கணிப்புகள் ஒருமுகமாகச் சொல்லின, வென்றவர் கிளின்டன். ஆகவே வெல்லும் வாய்ப்பை வைத்து மாறுபவர் கருத்துக்கணிப்பைக் காட்டிலும், ஏற்கெனவே எண்ணப்பட்ட வாக்குகளை நம்புவது நல்லது.

மூன்றாவதாக, வேட்பாளரின் மீதன்றி அவருடைய ஆதரவாளர்களின் மீது எழும் கோபம். இதற்கு மிகக் குறைந்த எடையே கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எவருடைய ஆதரவாளர் கூட்டத்திலும் நாகரிகமற்றவர்கள் இருப்பார்கள். கைப்பேசித் திரையில் அவர்களே முன்னே வந்து நிற்பார்கள். தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதிய வசவைப் படித்துவிட்டு, நான்கு ஆண்டுகள் நாட்டை ஆளப்போகிறவரைத் தீர்மானிப்பது எப்படிச் சரியாகும்? அந்தக் கோபம் வந்த நாளில் எந்த முடிவும் எடுக்காமல், இரண்டு வேட்பாளர்களும் பேசிய ஒரு முழு விவாதத்தை, துணுக்குகளாக வெட்டப்படாத வடிவில், ஒருமுறை பார்த்துவிடுவது பயன் தரும்.

இந்த மூன்றையும் காகிதத்தில் எழுதிப் பார்க்கலாம். ஆதரவைத் தொடங்கியபோது எந்தக் காரணத்துக்காக ஆதரித்தீர்கள், அந்தக் காரணம் இப்போதும் இருக்கிறதா, இல்லையென்றால் அதை அழித்தது வேட்பாளரின் செயலா பிறரின் சொல்லா என்று எழுதினால், மாற்றம் உங்களுடையதுதானா என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

உங்கள் வாக்கு எங்கே எண்ணப்படுகிறது

பலர் கவனிக்காத பகுதி இது. ஜனநாயகக் கட்சியில் ஒரு மாநிலத்தின் டெலிகேட்டுகள், அதாவது கட்சி மாநாட்டில் அதிபர் வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள், வாக்கு விகிதப்படி பிரிக்கப்படுகிறார்கள். ஆனால் 15 சதவீதத்துக்குக் கீழே பெறும் வேட்பாளருக்கு ஒன்றும் கிடையாது. மாநில அளவில் ஒரு பங்கும், காங்கிரஸ் தொகுதி அளவில் பெரும்பங்கும் தனித்தனியே கணக்கிடப்படுகின்றன. நான்கு டெலிகேட்டுகள் உள்ள தொகுதியில் இருவர் போட்டியிட்டால், 60-க்கு 40 என்று ஒருவர் வென்றாலும் ஆளுக்கு இரண்டுதான். மூன்று பெற 62.5 சதவீதம் தாண்ட வேண்டும். மூன்று டெலிகேட்டுகள் உள்ள தொகுதியிலோ 51 சதவீதம் பெற்றவர் இரண்டை எடுத்துக்கொள்வார். 2008-இல் நெவாடாவில் கிளின்டன் முந்தியிருந்தும் தேசிய டெலிகேட்டுகளில் ஒபாமாவுக்கு 13, கிளின்டனுக்கு 12 என்று அமைந்ததற்கு இப்படிப்பட்ட கணக்கே காரணம். டெக்சாஸில் அதே ஆண்டு மார்ச் 4 அன்று பகலில் பிரைமரியும், மாலையில் கட்சியினர் நேரில் கூடி ஆதரவைக் காட்டும் காக்கஸ் கூட்டங்களும் நடந்தன. பிரைமரியில் வென்ற கிளின்டனைவிட மொத்தத்தில் ஒபாமாவே அதிக டெலிகேட்டுகளைப் பெற்றார்.

ஆகவே மனம் இரண்டு பேருக்கிடையே ஊசலாடினால், உங்கள் தொகுதிக்கு எத்தனை டெலிகேட்டுகள், உங்கள் முதல் விருப்பம் அங்கே 15 சதவீதத்தைத் தொடுவாரா என்பதைப் பாருங்கள். தெளிவாக அதற்குக் கீழே இருப்பவருக்கு அளிக்கும் வாக்கு ஓர் அடையாளமாக மட்டுமே நிற்கும். அதை அறிந்தே அளிப்பதில் தவறில்லை. குடியரசுக் கட்சியில் பல மாநிலங்களில் முதலிடம் பெறுபவரே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார். 2016 மார்ச் 15 அன்று ஃபுளோரிடாவின் 99 டெலிகேட்டுகளும் டிரம்புக்குப் போயின, சொந்த மாநிலத்தில் தோற்ற மார்கோ ரூபியோ அன்றிரவே விலகினார். இத்தகைய மாநிலத்தில் மூன்றாமிடத்தில் இருப்பவரை விட்டு இரண்டாமிடத்தவரிடம் மாறுவதற்கு வலுவான நியாயம் உண்டு.

2020-இல் அலாஸ்கா, ஹவாய், கான்சஸ், வயோமிங் ஆகிய மாநிலங்களில் ஜனநாயகக் கட்சி விருப்ப வரிசைச் சீட்டைப் பயன்படுத்தியது. முதல் விருப்பம் கணக்கிலிருந்து நீங்கினால் வாக்கு அடுத்தவருக்குப் போகும் என்பதால், மனம் மாறும் வாக்காளருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. அப்படிப்பட்ட சீட்டு கைக்கு வந்தால் எல்லா வரிசையையும் நிரப்புங்கள்.

எதிர்க்கட்சியின் பிரைமரியில் புகுந்து பலவீனமானவருக்கு வாக்களிக்கும் தந்திரத்தைப் பற்றிச் சிலர் கேட்பார்கள். 2008-இல் வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பா குடியரசுக் கட்சியினரை ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் புகுந்து, பூசல் நீளும்படி கிளின்டனுக்கு வாக்களிக்கத் தூண்டினார். திறந்த பிரைமரி உள்ள பல மாநிலங்களில் அதைத் தடுப்பார் இல்லை. ஆனால் டெக்சாஸில் ஒரு கட்சியின் பிரைமரியில் வாக்களித்தவர் எவரும் பெரும்பான்மை பெறாதபோது நடக்கும் மறு கட்சியின் இரண்டாம் சுற்றில் வாக்களிக்க முடியாது. உங்கள் ஊர்ப் பதவிகளுக்கான உண்மையான போட்டி அந்த இரண்டாம் சுற்றில்தான் இருந்தது என்று பின்னர் தெரியவரலாம்.

நன்கொடை

பழைய வேட்பாளருக்கு மாதந்தோறும் தானாகப் பணம் போகும்படி அமைத்திருந்தால் மனம் மாறிய அன்றே அதை நிறுத்துங்கள். ஒரு வேட்பாளருக்கு மொத்தம் 200 டாலரைத் தாண்டி அளித்தவரின் பெயரும் வேலை செய்யும் நிறுவனமும் கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் எவரும் பார்க்கும்படி இருக்கும். இருவருக்கும் கொடுத்தது வெளியே தெரியும் என்பதை அறிந்து கொடுங்கள். கிரீன் கார்டு உள்ளவர் நன்கொடை தரலாம், எச்-1பி விசாவில் இருப்பவர் தரக் கூடாது.

தோற்ற பக்கத்தில் நின்றவர்களுக்கு

2008 ஜூன் 7 அன்று கிளின்டன் தம் பிரசாரத்தை நிறுத்தியபோது, அவருடைய ஆதரவாளர்களில் ஒரு பகுதியினர் ஒபாமாவுக்கு வாக்களிக்க மாட்டோம் என்று அணி திரண்டார்கள். கட்சி விதியை மீறி முன்கூட்டியே பிரைமரி நடத்திய ஃபுளோரிடா, மிச்சிகன் டெலிகேட்டுகளுக்கு அரை வாக்கு மட்டும் என்று மே 31 அன்று கட்சிக் குழு முடிவு செய்தது அவர்களின் சினத்தை மேலும் வளர்த்திருந்தது. ஆகஸ்ட் 26 அன்று டென்வர் மாநாட்டில் பேசிய கிளின்டன், எனக்காக மட்டுமா இந்தப் போட்டியில் இறங்கினீர்கள் என்ற பொருளில் அவர்களையே கேட்டார். மறுநாள் ஒபாமாவை ஒருமனதாக அறிவிக்கும் தீர்மானத்தையும் அவரே முன்மொழிந்தார். 2016-இல் சாண்டர்ஸுக்குப் பிரைமரியில் வாக்களித்தவர்களில் சுமார் 12 சதவீதத்தினர் நவம்பர் பொதுத்தேர்தலில் டிரம்புக்கு வாக்களித்ததாக ஒரு பெரிய கருத்தாய்வைக் கொண்டு அரசியல் அறிஞர்கள் மதிப்பிட்டார்கள். அவர்களில் பலர் தொடக்கத்திலேயே ஜனநாயகக் கட்சியின் மீது பிடிப்பு இல்லாதவர்கள் என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. ஆகவே நவம்பரில் என்ன செய்வது என்ற கேள்வியை, தோல்வியின் மறுநாள் எழுப்பாமல், மாநாடு முடிந்து இரு கட்சிகளின் வேட்பாளர்களும் உறுதியான பிறகு எடுத்துக்கொள்வது நல்லது. தோற்ற தலைவரின் பெயரைச் சீட்டில் கையால் எழுத நினைப்பவர், தம் மாநிலத்தில் அத்தகைய வாக்குகள் எண்ணப்படுமா என்று முதலில் விசாரிக்க வேண்டும். முன்பதிவு செய்யாதவருக்கு எழுதிய வாக்கைப் பல மாநிலங்கள் கணக்கில் எடுப்பதில்லை.

கோபத்தில் கட்சிப் பதிவை நீக்கிவிடுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். பல மாநிலங்களில் அதிபர் பிரைமரியும் மற்றப் பதவிகளுக்கான பிரைமரியும் வெவ்வேறு நாட்களில் நடக்கின்றன. நியூயார்க்கில் 2016-இல் அதிபருக்கு ஏப்ரலிலும், காங்கிரசுக்கு ஜூனிலும், மாநிலப் பதவிகளுக்குச் செப்டம்பரிலும் வாக்களிக்க வேண்டியிருந்தது. அந்தச் சிறிய தேர்தல்களில் வருகிறவர்கள் குறைவு. 2018 ஜூன் 26 அன்று நியூயார்க்கின் 14-ஆவது தொகுதியில், இருபது ஆண்டுகளாகப் பதவியில் இருந்த ஜோ கிரௌலியை அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் வென்றபோது பதிவான வாக்குகள் சுமார் 30,000 மட்டுமே. இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் ஏறக்குறைய 4,000. சாண்டர்ஸுக்காகக் கட்சியில் பதிவு செய்து, அவர் தோற்ற பிறகும் பதிவை வைத்திருந்தவர்கள் அன்று வாக்களிக்க முடிந்தது. விலகியவர்களுக்கு அந்தச் சீட்டு கிடைக்கவில்லை.